சிங்கப்பூர் சீனக்கோயில்: சாமி இருக்கு, கமிட்டிக்கு தான் ஆள் இல்ல

சீனர்களோட பழைய கோயில், சங்கம் மாதிரி மத அமைப்புகளுக்கு இன்னைக்கு என்ன சிக்கல், பசங்களுக்கு சாமி நம்பிக்கை போனதால தான் ஒவ்வொண்ணா மூடுதான்னு கேட்டிருக்கீங்க. நம்பிக்கை போச்சுங்கறது பாதி தான் சரி. சீனா, தைவான், மலேசியான்னு ஒவ்வொரு இடத்துலயும் கதை வேற வேற, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டினா ஒண்ணும் புரியாது, அதனால நான் பொறந்து வளந்து பாத்த சிங்கப்பூர வச்சே சொல்றேன். நான் சீனன் கிடையாது, ஆனா நாப்பது வருஷமா வீவக பிளாக்குல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, சீனக் குடும்பங்களுக்கு நடுவுல தான் இருக்கேன், செத்தவங்க ஆவி வெளிய வரும்னு சீனர்கள் நம்பற பேய் மாசம் வந்தா எங்க வீட்டு ஜன்னல மூடறதுல ஆரம்பிச்சு பக்கத்து பிளாக் அங்கிள் கோயில் விருந்துல சாப்பிடறது வரைக்கும் எல்லாம் பழக்கம் தான்.

முதல்ல அந்தக் கோயில்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல குலதெய்வத்த விட்டுட்டு வேற ஊருக்கு குடிபோறவங்க பிடிமண் எடுத்துட்டு வந்து புது இடத்துல கோயில் கட்டுவாங்கல்ல, அதே மாதிரி தெற்குச் சீனாவுல ஃபுஜியான்லயும் குவாங்டாங்லயும் இருந்து கப்பலேறினவங்க ஊர்க் கோயில் தூபச்சட்டியில இருந்து சாம்பல எடுத்து சிவப்புத் துணியில முடிஞ்சு கொண்டு வந்தாங்க. சிலை அப்புறம் தான், அந்தச் சாம்பல்ல தான் சாமி இருக்கு. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்ல இருக்கற தியான் ஹோக் கெங் 1839-ல இருந்து 1842 வரைக்கும் கட்டினது, கடல் தாண்டி உயிரோட வந்து சேந்ததுக்கு கடல் தெய்வம் மாசு அம்மனுக்கு நன்றி சொல்ற இடம், அப்ப கடலே அந்த ரோட்டோரம் தான் இருந்துச்சு. அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி நம்ம தமிழ் முஸ்லிம்கள் அதே காரணத்துக்கு கட்டின நாகூர் தர்கா. ரெண்டையும் இன்னைக்கு பாத்தா சுத்தி ஆபீஸ் டவர் தான், கடல கண்ணுல காட்ட முடியாது.

அதாவது ஒவ்வொரு கோயிலும் ஒரு ஊர்க்காரன், ஒரு பாஷைக்காரன், பல நேரம் ஒரே தொழில்காரனோடது. ஹொக்கியனுக்கு ஒண்ணு, தியோச்சூவுக்கு ஒண்ணு, ஹைனானுக்கு ஒண்ணு. கம்பத்துல, அதாவது கிராமத்துல இருந்தா அந்தக் கம்பத்துக்கு ஒண்ணு. பொதுவான வேத புத்தகம், மேல இருந்து ஆள் போடற தலைமைப் பூசாரி, மெம்பர்ஷிப் எதுவும் கிடையாது. அந்த வட்டாரத்துல இருக்கற மளிகைக்கடை தவுக்கே (முதலாளி), பன்னிப்பண்ணைக்காரர், லாரி டிரைவர் இவங்க தான் கமிட்டி. வருஷா வருஷம் யார் தலைவர்னு சாமியே சொல்லும். பிறை மாதிரி ரெண்டு மரத்துண்டு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை, அத கீழ போட்டு பாப்பாங்க, புவேன்னு பேரு. ஒண்ணு தட்டையாவும் ஒண்ணு உருண்டையாவும் விழுந்தா சாமி சரின்னு சொல்லிடுச்சு. ரெண்டும் உருண்டைப் பக்கம் மேல வந்தா இல்ல. ரெண்டும் தட்டையா மேல பாத்துக்கிட்டு ஆடிச்சுன்னா சாமி சிரிக்குதுன்னு அர்த்தம், கேள்வியே சரியில்ல போய்ட்டு வா. நம்ம பூக்கட்டிப் பாக்கற மாதிரி தான். யாருக்கு தொடர்ந்து அதிக தடவை 'சரி' விழுதோ அவர் தான் அந்த வருஷத்து லோர் சூ, தூபச்சட்டிக்கு பொறுப்பு.

இப்ப இந்த அமைப்புக்கு கீழ இருக்கற மண்ணையும், அது பேசற பாஷையையும் உருவிட்டா என்ன ஆகும்? சிங்கப்பூர்ல நடந்தது அது தான். என்னைக் கேட்டா மத்த சிக்கல் எல்லாம் இதுல இருந்து முளைச்சது தான்.

மண்ணு மொதல்ல போச்சு. 1966-ல நிலம் எடுக்கற சட்டம் வந்துச்சு, அப்புறம் எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் கம்பத்த எல்லாம் எடுத்துட்டு வீவக வீடு கட்டினாங்க. ஜனங்க வேற வேற டவுனுக்கு சிதறிப் போயிட்டாங்க, அத்தாப்பு ஓலைக் கொட்டாய்லயும் தகரக் கூரையிலயும் இருந்த நூத்துக்கணக்கான கோயிலுக்கு இடம் போச்சு. நஷ்டஈடு குடுத்தாங்க தான், ஆனா அத வச்சு புது டவுன்ல கோயில் மனை வாங்க முடியாது. அதுக்கு கண்டுபிடிச்ச வழி தான் கூட்டுக்கோயில். நாலஞ்சு கம்பத்துக் கோயில் காச போட்டு ஒரு மனைய 30 வருஷக் குத்தகைக்கு எடுத்து ஒரே கூரைக்கு கீழ உக்காந்துக்கறது. தெம்பனிஸ்ல இருக்கறது அந்தப் பக்கத்து கம்பத்துக் கோயில்கள் ஒரு டஜன் கிட்ட சேந்து கட்டினது. வெளிய இருந்து பாத்தா ஒரே பெரிய கோயில், உள்ள போனா ஒவ்வொரு சாமிக்கும் தனி மேடை, தனி தூபச்சட்டி, தனி உண்டியல், தனி கமிட்டி, பல இடத்துல தனி பேங்க் அக்கவுண்ட். ஏன் ஒண்ணா கலக்கலைன்னா சாம்பல் வேற வேற ஊர்ல இருந்து வந்ததுல்ல, அத எப்படி ஒண்ணா கொட்டறது. வீடு வாங்கறப்ப கூட்டா வாங்கின அண்ணன் தம்பிங்க மாதிரி தான் இருக்கும், கரண்ட் பில்லு யார் எவ்வளவு கட்டறது, பெரிய மேடை யாருக்கு, திருவிழா ஒரே நாள் வந்தா முன்வாசல் யாருக்குன்னு சண்டை ஓயாது. சிலது கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு.

அந்த 30 வருஷம் இருக்கே, அது தான் இப்ப கழுத்துல கத்தி. எண்பது தொண்ணூறுகள்ல எடுத்த குத்தகை எல்லாம் 2010-க்கு அப்புறம் வரிசையா முடிஞ்சுட்டு வருது. புதுப்பிக்கணும்னா இன்னைக்கு நிலம் விக்கற மதிப்பு பேசும், அன்னைக்கு லாரி டிரைவருங்க சேத்த காசு பேசாது. சேர்ந்து எடுத்த அஞ்சு கோயில்ல ரெண்டுக்கு ஆளும் இல்ல காசும் இல்லன்னா மிச்ச மூணு அந்தப் பங்கையும் சேத்து கட்டணும், இல்லன்னா எல்லாருமே கிளம்பணும்.

இதுல இன்னொரு கூத்து 2014 கடைசில, 2015 ஆரம்பத்துல நடந்துச்சு. செங்காங் ஃபெர்ன்வேல் பக்கத்துல சீனக் கோயிலுக்குன்னு ஒதுக்கின மனைய ஏலத்துல 52 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்தது யாருன்னா ஒரு கம்பெனி, அதுவும் ஈமச்சடங்கு, அஸ்தி மாடம் இதெல்லாம் பிசினஸா பண்ற கம்பெனியோட கிளை. அங்க வீடு புக் பண்ணவங்க எங்க வீட்டுப் பக்கத்துல அஸ்தி மாடமான்னு பிரச்சினை பண்ணினாங்க, அப்புறம் தான் எல்லாரும் கவனிச்சாங்க, இது மத அமைப்பே இல்லையேன்னு. அரசாங்கம் அந்த ஏற்பாட்ட நிறுத்திட்டு, இனிமே லாப நோக்கு கம்பெனிங்க இந்த மனைக்கு வர முடியாதுன்னு விதிய மாத்துச்சு. அஸ்தி மாடம் மேல எரிச்சல்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் கவனிச்சது வேற: மத்த மத அமைப்புகள் அந்த ஏலத்துல கம்பெனி போட்ட தொகைய தாண்ட முடியல.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் புரியறதில்லன்னா நமக்கு இந்து அறக்கட்டளை வாரியம் இருக்கு, மாரியம்மன், பெருமாள், சிவன், வைரவிமட காளியம்மன்னு நாலு கோயில அது பாக்குது, அரசாங்கத்தோட நேரா பேச சட்டப்படி ஒரு வாய் இருக்கு. மலாய்க்காரங்களுக்கு முயிஸ்னு இஸ்லாமிய மன்றம் இருக்கு. ஜனத்தொகையில முக்கால்வாசி இருக்கற சீனர்களோட கோயில்களுக்கு அப்படி சட்டப்படி ஒண்ணும் கிடையாது. இந்த சீனச் சாமி வழிபாட்டுக்கு தாவோயிசம்னு பேரு, தாவோயிஸ்ட் கூட்டமைப்புன்னு 1990-ல தான் ஆரம்பிச்சாங்க, அதுவும் விருப்பப்பட்டு சேர்ற சங்கம் தான், அது சொல்றத எந்தக் கோயிலும் கேட்டே ஆகணும்னு இல்ல.

எல்லாக் கோயிலும் ஏழைன்னும் நினைச்சுக்காதீங்க. தியான் ஹோக் கெங்குக்கு பின்னாடி ஹொக்கியன் சங்கம் இருக்கு, அது பள்ளிக்கூடமே நடத்துது. பிலிப் ஸ்ட்ரீட்ல இருக்கற தியோச்சூ கோயிலப் பாக்கற ஙீ ஆன் கொங்சிங்கற தியோச்சூ சங்கத்துக்கு ஆர்ச்சர்ட் ரோட்டுல நிலம் இருக்கு, முன்ன தியோச்சூ இடுகாடா இருந்த இடம், அதுல தான் ஙீ ஆன் சிட்டி மால் நிக்குது. வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல கருணை தெய்வம் குவான் இம் கோயில்ல கூட்டம் குறையவே குறையாது, அங்க கும்பிட்டுட்டு அப்படியே பக்கத்துல நம்ம கிருஷ்ணன் கோயில் வாசல்லயும் ஊதுபத்தி கொளுத்திட்டு போவாங்க, அதுக்குன்னே அங்க தூபச்சட்டி வச்சிருக்காங்க. பெருசு பெருசாகுது, சின்னது தான் சாகுது.

அடுத்தது பாஷை. 1979-ல 'மாண்டரின் பேசுங்க' இயக்கம் வந்துச்சு, கொஞ்ச நாள்லயே டிவியில ஹொக்கியன், கான்டனீஸ் நிகழ்ச்சி எல்லாம் நின்னுடுச்சு. நோக்கம் என்னவோ இருந்துட்டு போகட்டும், 2020 கணக்கெடுப்புல வீட்டுல சீன வட்டார பாஷை தான் அதிகம் பேசறோம்னு சொன்னவங்க 8.7 சதவீதம், இங்கிலீஷ்னு சொன்னவங்க 48.3 சதவீதம். கோயில்ல சாமி எந்த பாஷை பேசும்? டாங்கி, அதாவது சாமியாடி, அருள் வந்து பேசறப்ப பழைய ஹொக்கியன்ல பேசுவார், அதுவே சாதாரண ஹொக்கியன்காரனுக்கு முழுசா புரியாது, அத விளக்கி சொல்ல பக்கத்துல ஒருத்தர் நிப்பார், தோ தாவ்னு சொல்வாங்க. டாங்கி கூட எங்கயாவது கிடைச்சுடுவார், இந்த தோ தாவ் கிடைக்க மாட்டேங்கறார். பாட்டிய கூட்டிட்டு வந்த பேரன் மொழிபெயர்ப்புக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு கேட்டுக்கிட்டு நிக்கறத நானே பாத்திருக்கேன், ஹொக்கியன்ல இருந்து மாண்டரின், மாண்டரின்ல இருந்து இங்கிலீஷ். பூசாரிங்களும் பாஷைவாரியா தான், ஹைனான்காரர் செத்தா ஹைனான் பாஷையில மந்திரம் ஓதறவர் வேணும், அந்த மாதிரி ஆளுங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. மாண்டரின்ல ஓதினா என்னன்னு கேக்கலாம், நம்ம கிராமத்துல கோடாங்கி உடுக்கடிச்சு குறி சொல்றத நியூஸ் வாசிக்கற தமிழ்ல சொன்னா எப்படி இருக்கும், அப்படி தான் அது.

இதோட சேத்து சொல்ல வேண்டியது ஒண்ணு, பல பேருக்கு தெரியாது. 1984-ல உயர்நிலைப் பள்ளி பசங்களுக்கு மதக் கல்விய கட்டாயப் பாடமா கொண்டு வந்தாங்க. பைபிள், இஸ்லாம், புத்த மதம், இந்து மதம், சீக்கிய மதம், கன்ஃபூசியஸ் ஒழுக்கம்னு ஆறு. பாத்தீங்களா, தாவோயிசம் இல்ல. சீன ஜனங்க நிறைய பேர் வீட்டுல கும்பிட்டுக்கிட்டு இருந்த மதத்துக்கு பள்ளிக்கூடத்துல புத்தகமே இல்ல. பத்து வருஷத்துக்குள்ள அந்த கட்டாயத்த எடுத்துட்டாங்க, ஆனா ஒரு தலைமுறைக்கு போன சேதி என்ன, புத்த மதம்னா படிச்சவன் மதம், அதுக்கு தத்துவம் உண்டு, நம்ம பாட்டி பண்றது வெறும் சடங்கு. கணக்கெடுப்ப பாருங்க, 1980-ல தாவோயிஸ்ட்னு எழுதினவங்க கிட்டத்தட்ட 30 சதவீதம், 2000-ல 8.5, 2020-ல 8.8. இருபது வருஷத்துல அத்தன பேரும் சாமி கும்பிடறத விட்டுட்டாங்களா? இல்ல, நிறைய பேர் பேர மாத்தி புத்த மதம்னு எழுதினாங்க, அது 2000-ல 42.5 சதவீதத்துக்கு போச்சு. அவங்க பாஷையில அது தாவோயிசமும் இல்ல புத்த மதமும் இல்ல, 'பாய் சின்', சாமி கும்பிடறது, அவ்வளவு தான். ஃபாரத்துல ஒரு கட்டத்துல டிக் போடச் சொன்னா எதுல போடுவாங்க. அதுக்கப்புறம் நிஜமான சரிவும் வந்துச்சு, அத மறைக்க வேண்டாம், 2020-ல புத்த மதம் 31.1-க்கு இறங்குச்சு, மதம் இல்லன்னு சொன்னவங்க 20 சதவீதம். பசங்க போனது உண்மை தான், ஆனா முன்னாடியே வீட்டை காலி பண்ணி வச்சிட்டு பசங்க ஏன் வரலன்னு கேக்கற கதை இது.

காசு எப்படி வருதுன்னு பாத்தா இன்னும் நல்லா புரியும். ஏழாம் மாசம், பேய் மாசம்னு நாம சொல்றது, அப்ப கோயில், மார்க்கெட் வியாபாரிங்க, காப்பிக் கடைக்காரங்க எல்லாம் கூடாரம் போட்டு விருந்து வைப்பாங்க, கெத்தாய் மேடையில பாட்டு, முன்வரிசை நாற்காலி பேய்களுக்காக காலியா இருக்கும் (தெரியாம போய் உக்காந்து திட்டு வாங்கின அனுபவம் எனக்கு உண்டு). விருந்துக்கு நடுவுல ஏலம். அரிசி, சாராயம், அன்னாசிப்பழ பொம்மை, எல்லாத்துக்கும் மேல 'கருப்புத் தங்கம்', வேற ஒண்ணும் இல்ல, சிவப்பு ரிப்பன் சுத்தின அடுப்புக்கரி தான். அந்தக் கரி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு போகும். எடுத்தவர் காச அன்னைக்கு குடுக்க மாட்டார், அடுத்த வருஷம் ஏழாம் மாசம் குடுப்பார், அந்தக் காசுல தான் அடுத்த வருஷ விருந்து. அதாவது மொத்தமும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் அடுத்த வருஷமும் பாப்போம்ங்கற நம்பிக்கையில ஓடற வண்டி. 2020-லயும் 2021-லயும் கோவிட்னால கூட்டமே கூடாதுன்னு ஆச்சு, கெத்தாய் ஃபேஸ்புக்ல ஓடுச்சு, அது ஓடும், ஆனா ஏலச் சங்கிலி அறுந்துச்சு. சில குழுக்கள் அதுக்கப்புறம் திரும்ப ஆரம்பிக்கவே இல்ல, தவுக்கேக்கு வயசாச்சு, பையன் வங்கியில வேலை பாக்கறான், அவனுக்கு எதுக்கு அடுப்புக்கரி.

புகை, சத்தம் பத்தி எல்லாரும் பேசுவாங்க, எனக்கு அது பெரிய சிக்கலா தெரியல. ஊதுபத்தி 2 மீட்டருக்கு மேல நீளம் இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, வீவக பிளாக்குக்கு கீழ காகிதப் பணம் எரிக்க தொட்டி வச்சிருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரர் சாம்பல் துணியில விழுதுன்னு டவுன் கவுன்சிலுக்கு எழுதுவார், அப்படியே ஓடும். தைபேயில சிங்டியன் கோயில்னு பெரிய கோயில், 2014 ஆகஸ்ட்ல ஊதுபத்தியே வேண்டாம், கை கூப்பினா போதும்னு தூபச்சட்டிய தூக்கிட்டாங்க. ஊதுபத்தி விக்கறவங்க அழுதாங்க, கோயில் இன்னைக்கும் நல்லா தான் இருக்கு.

தைவான ஏன் இழுக்கறேன்னா, நவீன காலம் வந்தா இதெல்லாம் தானா அழியும்னு சொல்றவங்களுக்கு அது தான் பதில். சிங்கப்பூர் மாதிரியே படிச்ச, பணக்கார ஊர், சிப் செய்யற ஊர். அங்க தாஜியா ஊர் மாசு அம்மன் வருஷா வருஷம் பல்லக்குல கிளம்பி ஒன்பது நாள் எட்டு ராத்திரி முன்னூத்து சொச்சம் கிலோமீட்டர் போய்ட்டு வரும், லட்சக்கணக்குல ஜனம் கூட நடக்குது, அதுல இளவட்டப் பசங்களும் நிறைய, பல்லக்கு இப்ப எங்க இருக்குன்னு பாக்க மொபைல் ஆப் இருக்கு. ஏன் முடியுதுன்னா கோயில் அதே ஊர்ல இருக்கு, தாத்தா பாஷை தெருவுல கேக்குது. அரசியல்வாதிங்க கமிட்டிய பிடிச்சுக்கறது, உண்டியல் கணக்கு வெளிய வராததுன்னு அவங்க தலைவலி வேற மாதிரி. சீனாவுல இன்னொரு மாதிரி, அங்க அரசாங்கம் ஏத்துக்கிட்டது அஞ்சு மதம், நாட்டார் சாமிக் கோயில் அந்தப் பட்டியல்லயே வராது, அதனால பல ஊர்ல 'பண்பாட்டு மரபு'ன்னு போர்டு மாட்டிக்கிட்டு பிழைக்குது. மாசு வழிபாடு 2009-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதும் அதுக்கு நல்ல குடையா போச்சு.

மறுபடியும் இங்க வர்றேன். கமிட்டிக்கு ஆள் இல்லாததுக்கு இன்னொரு காரணம் பேப்பர் வேலை. அறக்கட்டளைன்னு பதிஞ்சா வருஷா வருஷம் ஆடிட், பொதுக்கூட்டம், அறிக்கை. பொருளாளர் தொடர்ந்து 4 வருஷத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நிர்வாக நெறி சொல்லுது. நியாயமான விதி தான், கோயில் காசுல கை வச்சவங்களும் உண்டு. ஆனா கணக்கு எழுதத் தெரிஞ்சதே ரெண்டு பேர் இருக்கற கமிட்டியில அந்த ரெண்டு பேரும் மியூசிக்கல் சேர் ஆடணும். இத தாங்க முடியாதவங்க பதிவே பண்ணாம வீவக வீட்டு ஹாலுக்குள்ளயே மேடை போட்டு நடத்தறாங்க, சின் துவான்னு சொல்வாங்க, விதிப்படி அது தப்பு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுக்காத வரைக்கும் ஓடும்.

எல்லாமே இருட்டு இல்ல. லோயாங்ல இருக்கற துவா பெக் கோங்ங்கற சீனச் சாமி கோயில எடுத்துக்கோங்க. எண்பதுகள்ல கடற்கரையில யாரோ வீசிட்டுப் போன சாமி சிலைகள, புத்தர், நம்ம சாமி, தாவோ சாமி எல்லாம் கலந்து, சில நண்பர்கள் எடுத்து ஒரு குடிசையில வச்சாங்க. 1996-ல தீப்பிடிச்சு துவா பெக் கோங் சிலை மட்டும் தப்பிச்சுச்சு, திரும்ப கட்டினாங்க, 2007-ல இப்ப இருக்கற இடத்துக்கு வந்தாங்க. உள்ள பிள்ளையாருக்கு சன்னதி, மலாய் காவல் தெய்வமான டத்தோவுக்கு ஒரு இடம், எல்லாம் உண்டு, ராத்திரியிலயும் கூட்டம். அது எந்த ஊர் சாம்பலும் இல்ல, எந்த பாஷைக்காரன் கோயிலும் இல்ல, அதனால தான் தப்பிச்சுதுன்னு நான் நினைக்கறேன். ஆனா பழைய கோயில்காரங்க கிட்ட இப்படி மாறுங்கன்னு சொல்லிப் பாருங்க, நம்ம ஊர்ல ரெண்டு பங்காளி குடும்பத்த ஒரே குலதெய்வமா சேத்துக்கோங்கன்னு சொன்ன மாதிரி பாப்பாங்க.

பக்கத்து பிளாக் அங்கிள் கோயிலும் ஒரு கூட்டுக்கோயிலுக்குள்ள தான் இருக்கு. கமிட்டியில அஞ்சு பேர், அதுல சின்னவருக்கு 61 வயசு. குத்தகை முடிய இன்னும் சில வருஷம் தான். பக்கத்து மேடைக்காரங்க கிட்ட ஆள் இருக்கு, காசும் இருக்கு, அதனால உண்டியல், அக்கவுண்ட், கமிட்டி எல்லாத்தையும் அவங்களோட சேத்துடலாம்னு போன வருஷம் பேசி முடிச்சாங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கி, சாமிகிட்ட கேக்கணும். அங்கிள் தான் புவே போட்டார், மூணு தடவையும் ரெண்டு துண்டும் தட்டையா மேல பாத்துக்கிட்டு ஆடிச்சு. "சிரிக்குது, என்ன பண்றது" ன்னு என்கிட்ட சொல்லிட்டு அவரும் சிரிச்சார். ஏழாம் மாசம் முடிஞ்சதும் திரும்ப கேட்டுப் பாக்கறாங்களாம்.